சுழி பார்த்து ஜனாதிபதியா?

கிணத்துக்கடவு பக்கத்துத் தோழர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான். திரௌபதி முர்மு அவர்கள் 2022 ஜூலை 25-ந் தேதி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அந்த ஐந்து வருஷம் 2027 ஜூலையோடு முடிகிறது. அடுத்தபடி டில்லி ஆளுங்கட்சியார் நிறுத்தக்கூடியவர், 2025 செப்டம்பரில் உப ஜனாதிபதியான திருப்பூர் சி.பி.ராதாகிருஷ்ணன் அவர்கள்தான் என்று தக்காளி மண்டியிலும் டீக்கடையிலும் பேச்சாம். "நம்ம பக்கத்து ஆளு, கோயமுத்தூருக்கு ரெண்டு தடவை எம்.பி.யா இருந்தவரு, இதுக்கு மேல என்னங்க பாக்கோணும்?" என்று கேட்கிறார்களாம். தோழருக்கோ மனம் ஒரு பக்கமாய் நிற்கவில்லை. வேண்டாம் என்றால் ஊர்த் துரோகி என்கிறார்கள். வேண்டும் என்றால், நாளைக்கு எதில் கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்று பயமாயிருக்கிறதாம். கடைசியில், "எனக்குத்தான் இதில் ஓட்டே இல்லையே, நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறார்.

டீக்கடைப் பேச்சை நாம் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. உப ஜனாதிபதி ஜனாதிபதியாவது 1962, 1967, 1969, 1987, 1992, 1997 ஆகிய வருஷங்களில் நடந்ததுண்டு. பிறகு ஹமீத் அன்சாரிக்கும் வெங்கய்ய நாயுடுவுக்கும் அது கிடைக்கவில்லை. எனவே அவர் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் தோழரின் சந்தேகம் எவர் வந்தாலும் செல்லுபடியாகிற சந்தேகம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை.

பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவனைப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்; நடக்கவிட்டுப் பார்க்கிறான்; ஏரில் பூட்டினால் படுக்குமா என்று விசாரிக்கிறான். இவ்வளவும் புத்தியுள்ள காரியம். அப்புறம் சுழி பார்க்கிறான்! மயிர் எந்தப் பக்கம் சுழித்திருக்கிறது என்பதற்கும் மாடு பாரம் இழுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்பான். மாட்டு விஷயத்திலாவது சுழி கடைசியாக வருகிறது. ஜனாதிபதி விஷயத்திலோ சுழியை மட்டுமே பார்க்கும்படி நமக்கு உபதேசம் செய்கிறார்கள். எந்த ஊர், எந்த ஜாதி, எந்தப் பாஷை என்னும் இந்த மூன்றும் சுழிகளல்லாமல் வேறென்ன?

இந்த வியாதி நம் ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 2024-ல் கமலா ஹாரிஸ் அம்மையார் ஜனாதிபதிக்கு நின்றபோது, அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஊரான மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பானர் கட்டி, கோவிலில் பூசையும் போட்டார்கள். அம்மையார் தோற்றார். ஜெயித்திருந்தால் துளசேந்திரபுரத்து வாய்க்காலில் எத்தனை அங்குலம் தண்ணீர் கூடியிருக்கும் என்பதைப் பூசை போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சுழி பார்க்கச் சொல்லும் கட்சிக்காரர்களாவது பார்க்கிறார்களா? 2025 செப்டம்பர் 9-ந் தேதி உப ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு 452 ஓட்டு. எதிர்த்து நின்ற தெலுங்கரான சுதர்சன் ரெட்டி அவர்களுக்கு 300 ஓட்டு. தமிழர் நிற்கிறபோது தமிழ்நாட்டுக் கட்சிகள் எல்லாம் ஆதரிக்க வேண்டாமா என்று அப்போது பலமான பிரசாரம் நடந்தது. ஆனால் தமிழ்நாட்டை ஆண்டுவந்த தி.மு.க. தெலுங்கரை ஆதரித்தது. ஆந்திராவின் தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் தமிழரை ஆதரித்தன! இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. தங்கள் ஓட்டுக்குச் சுழி பார்க்காதவர்கள் நம்மை மட்டும் பார்க்கச் சொல்லுவானேன் என்றுதான் கேட்கிறோம். (சுழி பார்த்தவர்களும் இல்லாமலில்லை. 2007-ல் சிவசேனைக்காரர்கள் தங்கள் கூட்டணியை விட்டுவிட்டு, மராத்தியர் என்பதற்காகப் பிரதிபா பாட்டீல் அம்மையாருக்கு ஓட்டுப் போட்டார்கள்.)

நிற்க, நம்மவர் அங்கே உட்கார்ந்தால் நமக்குப் பாதுகாப்பு என்பது உண்மைதானா? இதற்கு ஏற்கனவே ஒரு பரீட்சை நடந்து முடிந்திருக்கிறது. 1991-ல் ஜனாதிபதியாயிருந்தவர் ஆர்.வெங்கட்ராமன். பட்டுக்கோட்டை பக்கத்து ராஜாமடத்துக்காரர், அசல் தமிழர். அப்போது தமிழ்நாட்டுக் கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா. பஞ்சாபியர். தி.மு.க. மந்திரிசபையைக் கலைக்க வேண்டுமென்று சந்திரசேகர் சர்க்கார் விரும்பியது. அதற்குக் கவர்னரின் அறிக்கை வேண்டும். பர்னாலா கொடுக்க மறுத்துவிட்டார். அரசியல் சட்டத்தின் 356-வது விதியில், கவர்னரின் அறிக்கையின் பேரிலோ "வேறு வகையிலோ" நிலைமை தெரிந்தால் போதும் என்று ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தின் வழியாக 1991 ஜனவரி 30-ந் தேதி மந்திரிசபை கலைக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டவர் தமிழர். அறிக்கை கொடுக்க மறுத்தவர் பஞ்சாபியர். அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகாமல் ராஜிநாமாச் செய்தார். அந்த மந்திரிசபை நல்லதா கெட்டதா என்பது இங்கே நம் விசாரணையல்ல. சுழி சுத்தமாயிருந்தும் ஏர் எந்தப் பக்கம் இழுத்தது என்பதுதான் கேள்வி.

அவருக்கு வேறு வழியில்லை, மந்திரிசபை சொன்னால் கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்று சிலர் சமாதானம் சொல்லலாம். 1978-ல் செய்த 44-வது திருத்தத்தின்படி, மந்திரிசபையின் யோசனையை மறுபடி ஆலோசிக்கும்படி ஒரு தடவை திருப்பி அனுப்ப ஜனாதிபதிக்கு அதிகாரமுண்டு. அதே யோசனை இரண்டாம் தடவை வந்தால்தான் கட்டுப்பட்டவர். கே.ஆர்.நாராயணன் அந்த அதிகாரத்தை உபயோகித்தார். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் கல்யாண் சிங் மந்திரிசபையைக் கலைக்கச் சொன்ன யோசனையைத் திருப்பினார். டில்லி சர்க்கார் பேசாமல் அதைக் கைவிட்டது. மறு வருஷம் செப்டம்பரில் பீகார் விஷயத்தில் வாஜ்பாய் சர்க்கார் அனுப்பியதையும் திருப்பினார். இவர் மலையாளி, லக்னோக்காரனுக்கு ஊருமல்ல, பாஷையுமல்ல. காங்கிரஸ் எம்.பி.யாக மூன்று தடவை ஒற்றப்பாலத்தில் ஜெயித்தவர். அவர் திருப்பிய காகிதத்தால் பிழைத்தது பாரதீய ஜனதா மந்திரிசபை!

இதில் தோழரின் இன்னொரு சந்தேகத்திற்கும் விடையிருக்கிறது. சிறு வயது முதல் ஆர்.எஸ்.எஸ்.ஸிலும் ஜனசங்கத்திலும் வளர்ந்து, பா.ஜ.க.வின் மாகாணத் தலைவராயும் இருந்தவர் நடுநிலையாய் இருப்பாரா என்று கேட்கிறார். ஊர்ச் சுழியைப் பார்க்கிலும் இது யோக்கியமான சந்தேகம். ஆனாலும் கட்சியைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியவில்லை. ஜெயில் சிங் இந்திரா காந்தி அம்மையாரிடம் மந்திரியாயிருந்தவர். அவரே 1986-ல் ராஜீவ் சர்க்காரின் தபால் மசோதாவில் கையெழுத்திடாமல் வைத்துக்கொண்டார். பக்ருதீன் அலி அகமதும் அதே அம்மையாரின் மந்திரிதான். அவரோ 1975 ஜூன் 25 இரவு, மந்திரிசபை கூடுவதற்கு முன்னாலேயே அவசர நிலைக்குக் கையெழுத்திட்டார். மந்திரிகளுக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். கட்சியே இல்லாத ராமேஸ்வரத்து அப்துல் கலாம் 2005 மேயில் மாஸ்கோவிலிருந்தபடியே பீகார் சட்டசபைக் கலைப்புக்கு ஒப்புக்கொடுத்தார். அது சட்ட விரோதமென்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அவரே 2006-ல் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பியும் அனுப்பினார்.

ஆகவே பேனாவைப் பாருங்கள் என்கிறோம். ராதாகிருஷ்ணன் அவர்கள் 2023-ல் ஜார்க்கண்டுக்கும் 2024-ல் மகாராஷ்டிரத்துக்கும் கவர்னரானார். அங்கே எந்த மசோதா எத்தனை நாள் அவர் மேஜையில் இருந்தது, எதைத் திருப்பினார், ராஜ்யசபை நாற்காலியில் எதிர்க்கட்சிக்காரர் பேச எழுந்தால் என்ன செய்கிறார் என்று தேடிப் படிக்கலாம். வேறு எவர் பெயர் வந்தாலும் அவருக்கும் இதே பரீட்சைதான்.

பேனாவின் பலம் சாதாரணமானதல்ல. ஒரு மாகாணச் சட்டசபையின் மசோதாவை ஜனாதிபதிக்கென்று கவர்னர் ஒதுக்கிவிட்டால், 201-வது விதியின்படி சட்டசபை மறுபடி நிறைவேற்றினாலும் ஜனாதிபதி ஒப்ப வேண்டுமென்ற கட்டாயமில்லை. நீட் பரீட்சை வேண்டாமென்று தமிழ்நாட்டுச் சட்டசபை 2021 செப்டம்பரில் மசோதா நிறைவேற்றிற்று, கவர்னர் திருப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றிற்று. அது ஜனாதிபதியிடம் போய், நிராகரிக்கப்பட்டதென்று 2025 ஏப்ரல் 4-ந் தேதி சட்டசபையில் முதல் மந்திரி அறிவித்தார். மூன்று வருஷம்! இப்படிப்பட்ட காரியங்களில் ஜனாதிபதிக்குக் கோர்ட்டு காலக்கெடு விதிக்க முடியாதென்று 2025 நவம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அபிப்பிராயம் சொல்லிவிட்டது. டாக்டருக்குப் படிக்க நினைக்கும் கிணத்துக்கடவுப் பெண்ணுக்கு அந்த நாற்காலிக்காரர் எந்த ஜாதி என்பதால் ஒரு சீட்டாவது கிடைக்குமா?

இனி, "எனக்கு ஓட்டில்லை" என்பது. நேரடியாக இல்லைதான். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுகிறார்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு 2022 தேர்தலில் மதிப்பு 176. 1971-ம் வருஷத்து ஜனத்தொகையான 4 கோடியே 11 லட்சத்துச் சொச்சத்தை 234 ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்து வந்த கணக்கு இது. (1971-க்குப் பிறகு பிறந்தவர்கள் கணக்கிலேயே சேரவில்லை.) கிணத்துக்கடவில் 2021-ல் ஜெயித்த அ.தி.மு.க. அபேட்சகருக்கும் தோற்ற தி.மு.க. அபேட்சகருக்கும் வித்தியாசம் 1,095 ஓட்டு. 548 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். மறு வருஷம் ஜனாதிபதித் தேர்தலில் அ.தி.மு.க. முர்மு அவர்களையும், தி.மு.க. யஷ்வந்த் சின்ஹா அவர்களையும் ஆதரித்தன. அந்த 176 எந்தப் பக்கம் போவதென்பது 548 பேர் கையில் இருந்தது. அவர்களில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்குமா? மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது போல் டில்லியில் ஆள் நிச்சயமாகிறதென்றால், துண்டை விலக்கிப் பார்க்க நாம் ஒரு நாளும் கேட்கவில்லை என்பதும் அதற்கொரு காரணம்.

எனவே தோழர் தம் எம்.எல்.ஏ.வையும் பொள்ளாச்சி எம்.பி.யையும் நேரில் கேட்கட்டும்: யாருக்குப் போடப் போகிறீர்கள், அவர் பேனா இதுவரை என்ன செய்தது, திருப்பி அனுப்ப வேண்டிய காகிதம் வந்தால் அனுப்புவாரா என்று. கட்சி சொன்னபடி போடுவேன் என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு இடமில்லை; ஓட்டு ரகசியம்; மாற்றிப் போட்டதற்காகப் பதவி போகாது. 1969-ல் இந்திரா அம்மையார் சஞ்சீவ ரெட்டியின் மனுவில் தாமே முன்மொழிந்து கையெழுத்திட்டுவிட்டு, பிறகு மனச்சாட்சிப்படி போடுங்கள் என்றார். இரண்டாவது விருப்ப ஓட்டுகளையும் எண்ணி முடித்தபோது, எதிர்த்து நின்ற வி.வி.கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427.