பேரிங்கை அடிக்காதீங்கண்ணே!

போன ஞாயித்துக்கிழமை வேங்கிக்கால்ல நடந்த கூத்து இது. பைக்குல அம்மாவைப் பின்னாடி உக்கார வெச்சு கலெக்டர் ஆபீஸ் பக்கம் போறேன், பின் சக்கரத்துல 'கரகர'ன்னு சத்தம். செயின்தான்னு நெனச்சேன். நிறுத்தி சக்கரத்தை ஆட்டிப் பார்த்தா பக்கவாட்டுல லொடலொட. பேரிங் காலி!

மெக்கானிக் அண்ணன் என்ன செஞ்சார் தெரியுமா? புது பேரிங்கோட உள் வளையத்துல சுத்தியலால நாலு போடு! கேட்டா, "20 வருஷமா இப்படித்தான் மாட்டுறேன் தம்பி."

அங்கதான் எனக்குப் பத்திக்கிச்சு. ஹப்புக்குள்ள இறுக்கமா உக்கார்றது வெளி வளையம். அடியும் அதுல மட்டும்தான் விழணும். உள் வளையத்துல அடிச்சா மொத்த அடியும் குண்டுகள் வழியாப் போய், அது ஓடுற பாதையில பள்ளம் விழும். புதுசு அன்னிக்கே பழசு! வெளி வளையத்தோட அளவுக்கு ஒரு பழைய சாக்கெட்டை வெச்சு நேரா இறக்க எவ்வளவு நேரம் ஆயிடும்?

நம்ம மேலயும் தப்பிருக்கு. "ஒண்ணு மாத்தினா போதும்"னு மிச்சம் புடிக்கிறோம். இன்னொண்ணும் அதே தூரம் ஓடினதுதானே?

அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா 20 வருஷம் தப்பா செஞ்சா அது சரியாயிடாது... எங்க ஆபீஸ்ல எழுதுற கோடுக்கும் இதே கதைதான் :)

வேற ஜோடி வாங்கிக் கொடுத்து, சாக்கெட் வெச்சே இறக்கச் சொன்னேன். அண்ணன் முறைச்சார். முறைக்கட்டும். பின்னாடி உக்கார்றது எங்கம்மா.