தீக்கு முந்திய செலவு

காட்டுத்தீ என்றதும் நம்மில் பலருக்குக் கலிபோர்னியாவும் ஆஸ்திரேலியாவும்தான் நினைவுக்கு வருகின்றன. தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறி இறங்கும் நமக்கும் காட்டுத்தீக்கும் என்ன உறவு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் சென்னையிலிருந்து மலையேறச் சென்றவர்கள். மற்றவர்கள் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தினர். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் வயதினரும், நம்மைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்களும் அவர்களில் இருந்தனர்.

அங்கே அவர்களைச் சூழ்ந்தது நெடுமரக் காடு அன்று. ஆளுயரக் காய்ந்த புல். சரிவில் தீயின் போக்கே வேறு. கீழே எரியும் சுவாலை மேலேயுள்ள புல்லைத் தொடுவதற்கு முன்பே சூடேற்றிக் காய வைத்துவிடுகிறது. ஆகவே மேட்டை நோக்கித் தீ பாய்ந்தோடும். மனிதனோ மேட்டில் மூச்சிரைத்துத் தளர்வான். இந்தப் போட்டியில் வெல்பவர் யார்?

அரசு அதுல்ய மிஸ்ரா அவர்களை விசாரணைக்கு நியமித்தது. அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளும் வந்தன. நல்லதுதான். மலையேறுவோரை ஒழுங்குபடுத்தியாயிற்று, புல்லை யார் ஒழுங்குபடுத்துவது?

அதற்கும் வழி இல்லாமல் இல்லை. காட்டை ஊடறுத்துக் குறிப்பிட்ட அகலத்துக்குப் புல்லையும் சருகையும் செதுக்கி நீக்கி, வெறுந்தரையாக்கி விடுவார்கள். தீத்தடுப்புக் கோடு என்பது அதன் பெயர். ஒரு பக்கம் எரிந்து வரும் தீ, தின்பதற்கு ஒன்றுமில்லாமல் அங்கே நின்றுபோகும். இதற்கு வேண்டியவை மண்வெட்டியும் அரிவாளும் கூலியும்தான். ஆனால் ஒருமுறை வெட்டினால் போதாது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் புல் மீண்டும் முளைக்கும், ஒவ்வோராண்டும் வெட்ட வேண்டும். வெட்டிய கோட்டைத் திறப்பு விழா நடத்திக் காட்டவும் முடியாது. அதனால்தானோ என்னவோ, இந்தச் செலவுக்கு ஆதரவாளர் குறைவு!

மத்திய அரசிடம் இதற்கென்றே காட்டுத்தீத் தடுப்பு, மேலாண்மைத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2017-இல் பழைய திட்டம் ஒன்றைத் திருத்தி அமைத்தது. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு நம் மாநிலம். ஆனால் அந்தப் பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. நம் காடுகளில் தீக்காலமோ பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது. கோடு வெட்டும் வேலை தை மாதத்துக்குள் முடிய வேண்டும். கோப்பு மேசை மேசையாக நகர்ந்து பங்குனியில் பணம் வந்தால், அதைக்கொண்டு சாம்பலைத்தான் கூட்டலாம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் 2018-இல் வெளியிட்ட அறிக்கையும் பணப் பற்றாக்குறையையும் தாமதத்தையும் குறையாகச் சுட்டியது.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் கதையும் இதுதான். அந்நாட்டு வனத்துறையின் ஆண்டுச் செலவில் 1995-இல் 16 விழுக்காடு தீயணைப்புக்குப் போயிற்று; 2015-இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. அடர்ந்த இளமரங்களைக் களைவதற்கும் சருகு நீக்குவதற்கும் ஒதுக்கிய பணத்தையே எடுத்துத் தீயணைத்தார்கள். களையாத காடு மறு ஆண்டு இன்னும் பெரிதாக எரிந்தது. 2018-இல்தான் தனி நிதிக்குச் சட்டம் செய்தார்கள். இங்கும் 2024 மார்ச்சில் குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் பெருவாளியில் நீர் மொண்டு வந்து கொட்டியது. அந்த வீரர்களைப் பாராட்டுகிறேன். ஆயினும் அந்த ஹெலிகாப்டர் பறந்த செலவில் எத்தனை காவலருக்கு மூன்று மாதக் கூலி கொடுத்திருக்கலாம் என்ற கணக்கு மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. செயற்கைக்கோள் பார்த்துத் தீ எங்கே என்று செய்தி அனுப்பும் ஏற்பாடு 2004 முதல் நம்மிடம் இருக்கிறது. செய்தி விரைவில் வரும். பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு மலையேறிப் போய் அடித்து அணைப்பவர் மனிதர்தாம். அவரோ பருவ காலக் கூலி.

"காட்டைக் களைகிறோம் என்று சொல்லி மரத்தை வெட்டிக் கடத்திவிடுவார்களே!" என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. 2000 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்டுப்போன மரத்தையும் புல்லையும்கூட அகற்றக் கூடாதென உத்தரவிட்டதற்கும் இத்தகைய அச்சமே காரணமாக இருந்திருக்கும். ஆனால் சத்தியமங்கலத்துக்கு அப்பால் பிலிகிரிரங்கன் மலையிலுள்ள சோளகர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். கோடைக்கு முன்பே தரைச் சருகில் சிறு தீ வைப்பது அவர்கள் வழக்கம். 1974-இல் அது சரணாலயமானபின் அந்தத் தீ தடைப்பட்டது; உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது என்கிறார்கள். சிறு தீயைத் தடுத்துப் பெருந்தீக்கு விறகு அடுக்கியிருக்கிறோம். மரம் வேறு, களை வேறு என்று பிரித்தறிய வழி இருக்கிறது. முதுமலையில் பரவிய அயல்நாட்டு மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்ப நம் அரசே அனுமதித்திருக்கிறதே! கணக்கு வெளிப்படையாக இருந்தால் கடத்தலுக்கு இடமேது?

நம் வாசலுக்கு வருவோம். மேடவாக்கம் அருகே, வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையோரம் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. சுமார் 320 ஹெக்டேர் புதர்க்காடு. அங்குள்ள பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. அது கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலும் வெறுந்தரையிலும் முட்டையிடும். குஞ்சு பறக்கக் கற்கும் மாதங்களும் புல் காய்கின்ற மாதங்களும் ஒன்றே. சாலையோரம் கொளுத்தும் குப்பையும் அணைக்காமல் வீசும் பீடித்துண்டும் போதும். இது சரணாலயம் அன்று, காப்புக்காடு. ஆகவே 2000-ஆம் ஆண்டுத் தடை இங்கே குறுக்கே நிற்கவில்லை. சாலையை ஒட்டி ஒரு கோடு செதுக்குவதற்குக் கோடிகள் வேண்டா.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமை வரும் பொங்கலை ஒட்டி அங்கே நடத்த வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். வனத்துறையின் அனுமதியும் மேற்பார்வையும் இல்லாமல் ஒரு புல்லைக்கூடத் தொடக்கூடாது. அந்த விண்ணப்பம் கார்த்திகையிலேயே போய்ச் சேர வேண்டும்.