வேளச்சேரியில் தண்ணீர் எப்போ இறங்கும்? எக்ஸெல் கோட்டை நம்பாதீங்க

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பகுதிக்காரர்களின் கேள்வி சீரியஸானது: தெருவில் ஏறும் தண்ணீர் எப்போது இறங்க ஆரம்பிக்கும்?

கணக்கில் அந்த இடத்துக்குப் பெயர் திரும்பு புள்ளி. வரைபடம் ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கோ, இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்கோ மாறும் இடம். பல்லுறுப்புக்கோவையில் படி எவ்வளவோ, அதிகபட்சம் அதைவிட ஒன்று குறைவான திருப்பங்கள்தான் இருக்க முடியும். இருபடி என்றால் கண்டிப்பாக ஒன்று. முப்படி என்றால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்றுகூட இல்லை.

வம்பு இங்கேதான். ஒரு கற்பனைக் கணக்கு: காலை 10 மணிக்குத் தெருவில் 10 செ.மீ. தண்ணீர், 11-க்கு 18, 12-க்கு 24, மதியம் 1-க்கு 28. ஏறும் வேகம் 8, 6, 4 எனக் குறைகிறது. எக்ஸெலில் இருபடி டிரெண்ட்லைன் போட்டால் நான்கு புள்ளியிலும் கச்சிதமாக உட்காரும். 2.30 மணிக்கு உச்சம், சுமார் 30 செ.மீ. அப்பாடா! அதே கோட்டை இன்னும் நீட்டினால் இரவு 8 மணிக்குத் தெரு காய்ந்துவிடும், 9 மணிக்குத் தண்ணீர் மைனஸ் 12 செ.மீ.!

அந்தத் திருப்பத்தைக் கொடுத்தது தண்ணீர் இல்லை, நாம் தேர்ந்தெடுத்த 'இருபடி'. நாற்படி வளைவுகளைப் போட்டால், இதே நான்கு புள்ளிகள் வழியாகப் போய்விட்டு மேலே ஏறிக்கொண்டே இருப்பவையும் கிடைக்கும்.

இது வாட்ஸ்அப் குழு சமாச்சாரம் மட்டுமில்லை. 2020 மே மாதம் அமெரிக்க வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் குழு கொரோனா மரணங்களுக்கு ஒரு முப்படி வளைவு போட்டுக் காட்டியது. அந்தக் கோடு மே மத்தியிலேயே பூஜ்யத்தைத் தொட்டது. அங்கே மொத்த மரணங்கள் பிறகு 10 லட்சத்தைத் தாண்டின.

'ஒரு மணி நேரமா அப்படியே நிக்குது, இனி இறங்கிடும்' என்பதும் இதே ரகம்தான். சாய்வு பூஜ்யம் ஆனாலே திருப்பம் என்று அர்த்தமில்லை. சாய்வின் குறி மாறணும். ஒரு எண்ணின் கனத்தை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்: பூஜ்யத்தில் ஒரு கணம் சமமாகி, மறுபடி ஏறிவிடும்.

வேளச்சேரி தண்ணீரின் சாய்வு என்றால் என்ன? வரும் நீர் கழித்தல் போகும் நீர். அவ்வளவுதான். இரண்டும் சமமாகி, போவது அதிகமாகும்போதுதான் மட்டம் திரும்பும். வானத்தில் மழை விடுவது வேறு திருப்பம். மேட்டுப் பக்கத்து ஏரிகளின் உபரி அதற்குப் பிறகும் வந்துகொண்டிருக்கும். போகும் வழியோ நீளம்: பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு பக்கம் கடல். கடல் மட்டம் உயர்ந்திருந்தால் அதுவும் மெதுவாகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மழை ஓய்ந்தும் நாள்கணக்கில் இங்கே தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எனவே என் கருத்து இதுதான்: மழைநாளில் 'எத்தனை செ.மீ. பெய்தது' என்ற எண் மட்டும் வேளச்சேரிக்காரருக்குப் போதாது. ஒக்கியம் மடுவில் மணிக்கு எவ்வளவு வெளியேறுகிறது, ஏரிகளிலிருந்து எவ்வளவு வருகிறது என்ற இரண்டு எண்களையும் போனிலேயே பார்க்கிற மாதிரி அரசு தரவேண்டும். அதுவரை, மட்டம் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் இறங்குவதைக் கண்ணால் பார்க்காமல் காரை மேம்பாலத்திலிருந்து இறக்காதீங்க.