ரப்பர் நம்முடையது, ரெசிப்பி யாருடையது?

காலையில் திங்கள்நகர்ல இருந்து காலேஜுக்கு வர்ற வழியில், ஒட்டுப்பால் மூட்டை ஏத்தின டெம்போ ஒண்ணு பஸ்ஸுக்கு முன்னாடி போனா என்ன செய்வோம்? மூக்கைப் பொத்திக்கிட்டு ஜன்னலைச் சாத்துவோம். நானும் அப்படித்தான். ஆனா நம்மில் பலரோட செமஸ்டர் ஃபீஸ் அந்த நாத்தத்துல இருந்துதான் வருது. என் ஃபீஸும்தான்.

போன வருஷம் எங்க டீம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கினோம். மண் காய்ஞ்சா தானா மோட்டார் ஓடுற அதே பழைய ப்ராஜெக்ட்தான். வைவாவில் எக்ஸ்டர்னல் சார் அதைப் பத்தி அதிகம் கேட்கல. "வீட்டுல என்ன தொழில்?"னு கேட்டார். "ரப்பர் சார், ஒன்றரை ஏக்கர்"னு சொன்னேன். "அப்போ ரப்பரில் சல்ஃபர் எதுக்குச் சேர்க்கிறாங்க, எவ்வளவு சேர்க்கிறாங்க?" எனக்குப் பதில் தெரியல. சின்ன வயசுல இருந்து பாலில் ஆசிட் ஊத்தி உறைய வச்சு, ரோலர்ல ஷீட் அடிச்ச கை என்னுடையது. அந்த ஷீட் வியாபாரி கடைக்குப் போனதுக்கு அப்புறம் அதுக்கு என்ன ஆகுதுன்னு நான் யோசிச்சதே இல்ல.

அப்புறம்தான் படிச்சேன். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோட சூடாக்கினப்போ இந்தக் குறை போச்சு. காரணம், நீளமான ரப்பர் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே பாலம் போட்டுக் கட்டுது. அளவுதான் இங்கே எல்லாம். 100 பங்கு ரப்பருக்கு 2, 3 பங்கு கந்தகம்னா இழுத்தா திரும்பி வரும். அதையே 30 பங்குக்கு மேல கூட்டினா எபோனைட். பழைய பேட்டரி பெட்டி மாதிரி கல்லாயிடும். ஆக்சிலரேட்டர் ஒரு பங்கு சேர்த்தா மணிக்கணக்கில் நடக்கிற வேலை நிமிஷக்கணக்கில் முடியும். கார்பன் பிளாக் சேர்த்தா டயர் சீக்கிரம் தேயாது. காம்பவுண்டிங் என்பது இதுதான்: எதை, எவ்வளவு, எந்த வரிசையில் சேர்ப்பது.

என் கருத்து இதுதான். நம்ம ஊர் அந்த 100 பங்கை மட்டும் விக்குது. மீதிச் சில பங்கு தெரிஞ்சவன்தான் டயருக்கும் கையுறைக்கும் விலை வைக்கிறான். நெய்யூர் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கினது. அதைச் சுத்தி இருக்கிற ஊர்கள்ல பால் வெட்டுறாங்க. ஆனா ஒரு கையுறைக்குள்ள என்னென்ன இருக்குன்னு கேட்டா, பக்கத்துல இருக்கிற இன்ஜினியரிங் ஸ்டூடண்ட் நமக்கே தெரியாது.

"லேப்ல மிக்ஸிங் மில் இல்லையே"ன்னு நீங்க சொல்லலாம். உண்மைதான். ஆனா லேட்டக்ஸுக்கு மில் வேண்டாம். அமோனியா சேர்த்த 60 சதவீத லேட்டக்ஸ் வாங்குங்க. கந்தகம், ஜிங்க் ஆக்சைடு, ஆக்சிலரேட்டர் மூணையும் பொடியா கொட்டினா அடியில தங்கிடும். தண்ணீரில் நல்லா அரைச்சுத்தான் கலக்கணும். அதில் கண்ணாடிக் குழாயை முக்கி எடுத்து, காய வச்சு, ஹாட் ஏர் ஓவன்ல 100 டிகிரியில் வையுங்க. கந்தகத்தின் அளவை மட்டும் மாத்தி மாத்திச் செய்யுங்க. வந்த ஃபிலிமில் ஒரு துண்டை எடை போட்டு ஒரு நாள் டொலுயினில் ஊற வச்சு, மறுபடி எடை போடுங்க. பாலம் அதிகமா இருந்தா குறைவா ஊதும். அமோனியா, டொலுயின் வேலை எல்லாம் ஃப்யூம் ஹூட்ல, கெமிஸ்ட்ரி மேடம் பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

மத்த டிபார்ட்மென்டுக்கும் வேலை இருக்கு. சிவில்காரங்க ரப்பர் கலந்த தாரைச் சோதிக்கலாம். மெக்கானிக்கல்காரங்க இழுவிசை பார்க்கலாம். புகை போட்ட ஷீட்டை ஆர்எஸ்எஸ் 1, 4, 5-ன்னு தரம் பிரிக்கிறது இன்னைக்கும் கண்ணால பார்த்துத்தான். வெளிச்சத்துல பிடிச்சு, குமிழி, கறை, பூஞ்சை பார்த்துச் சொல்றாங்க. கிலோவுக்கு என்ன விலைங்கிறது அந்தப் பார்வையில்தான் இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களே, ஷீட்டைப் படம் எடுத்துத் தரம் சொல்ற ஒரு ஆப் செஞ்சா, கடையில நிக்கிற எங்க அப்பா கையில கேள்வி கேட்க ஏதாவது இருக்கும்.

"இதுல இனிமே கண்டுபிடிக்க என்ன இருக்கு?"ன்னு கேட்காதீங்க. டயரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கிற 6பிபிடி என்ற பொருள், ஓசோனோட சேர்ந்து மாறி, மழைத்தண்ணீரில் கலந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்லுதுன்னு 2020-ல்தான் அமெரிக்காவில் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு மாற்று தேடுற வேலை இன்னும் நடக்குது. சின்னதா தொடங்கினா எங்கே போகும்னு சந்தேகமா? 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செஞ்சுதான் எம்ஆர்எஃப்பைத் தொடங்கினார். பலூனும் லேட்டக்ஸில் முக்கி எடுக்கிறதுதான். மேலே சொன்ன அதே வேலை.

ஒரு ப்ராஜெக்ட்டால் ரப்பர் விலை ஏறிடாது, அது எனக்குத் தெரியும். ஆனா வாங்கின ப்ராஜெக்ட்டை வச்சுக்கிட்டு வைவாவில் தலைகுனிஞ்சு நின்னவன் சொல்றேன் மக்களே: இந்த வருஷம் ப்ராஜெக்ட் சென்டர் வாசலுக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரு தடவை வீட்டு ஷெட்டுக்குள்ள போய்ப் பாருங்க. அப்பாகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. மூணாவது கேள்விக்கு அவருக்கும் பதில் தெரியாது. அதுதான் உங்க ப்ராஜெக்ட்.