ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு வரி



எங்கட சாம்பல்தீவில ஒரு காக்காட சீ.டி. ரிப்போர்ட்டில "நுரையீரலில் 4 மில்லிமீட்டர் கட்டி" என்று மட்டும் இருந்தது. அடுத்து என்ன செய்யணும் என்று ஒரு வரி இல்லை. பீடி, சிகரெட் தொடாத மனுசன், கேன்சர்தான் என்று மூணு மாசம் தூங்கல்ல.

ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டல்படி, ஆபத்துக் குறைந்தவருக்கு 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திடக் கட்டி என்றால் வழமையாகத் திரும்ப ஸ்கேன் தேவையில்லை. 6 முதல் 8 வரை என்றால் 6–12 மாதத்தில் ஒரு சீ.டி. அளவை அடித்ததும் இதைத் திரையில் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. நாள் முழுக்கப் படம் பார்க்கும் டொக்டருக்கு எல்லா அட்டவணையும் மனசில் நிக்குமா? நானே புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்தில வச்சுத்தான் விடைத்தாள் திருத்துறன்.

முடிவு டொக்டருடையதுதான். முன்பே புற்றுநோய் வந்தவருக்கு இந்த விதி பொருந்தாது. அதைக் கவனிக்க ஆள் வேணும். ஆஸ்பத்திரிக்கு மெஷின் கேட்டு மகஜர் கொடுக்கிற நாங்க, இந்த மென்பொருளையும் அதில சேர்த்து எழுதுவோம்.