விஸ்வநாதன் பங்களா வாசலில் ஒரு கூடாரம்

'காதலிக்க நேரமில்லை' படத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னால் நம் தோழர்களே சண்டைக்கு வருகிறார்கள். "காமெடிப் படத்துல போயி என்னத்தப்பா தேடறே, சிரிச்சமா வந்தமான்னு இருக்கக்கூடாதா?" நானும் சிரித்தவன்தான். நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல பாலையா நடுங்குகிற இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியுமா? 1964இல் ஸ்ரீதர் எடுத்தது. அப்புறம் வந்த எத்தனையோ ஆள்மாறாட்டக் காதல் படங்கள் இந்த அச்சில் வார்த்தவை. அதனால்தான் பேசவேண்டியிருக்கிறது.

எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், தன் மகளோடு வந்த தகராறுக்காக அசோக்கை வேலையைவிட்டு நீக்குகிறார். அவன் பங்களா முன்னாலேயே கூடாரம் அடித்து, முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கேட்கிறான். தமிழ் சினிமாவில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த மறியல் பாட்டாகி, ஆட்டமாகி, முதலாளி மகளின் மனசை மாற்றுகிற தந்திரமாகிவிடுகிறது. அப்புறம் தான் பெரிய பணக்காரர் மகன் என்று ஒரு பொய். நண்பன் வாசு கிழவேஷம் கட்டிக்கொண்டு அப்பாவாக வருகிறான்.

பணம் என்றதும் பாலையா குழைகிற குழைவு இருக்கிறதே, வங்கி குமாஸ்தாவான எனக்கு அது நல்ல பழக்கம். பெரிய டெபாசிட்காரர் நுழைந்தால் மேனேஜர் தானாக எழுந்துகொள்வார். நகைக்கடன் திருப்ப வந்த கிழவி பெஞ்சிலேயே கிடப்பாள். இந்தக் குழைவை இவ்வளவு அப்பட்டமாக நடித்துக் காட்டிய பாலையாவுக்கு ஒரு கும்பிடு.

சரி, வேலைக் கோரிக்கை என்ன ஆச்சு? மாப்பிள்ளை ஆனதும் தீர்ந்துபோச்சு! மாப்பிள்ளை ஆக முடியாதவர்கள் அந்த எஸ்டேட்டில் எத்தனை பேர்? படம் பிடித்த ஆழியாற்றுக்கு மேலே வால்பாறை. கங்காணிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து ஓட்டிப்போன நம் சனங்கள் அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் செத்த மலை அது. அங்கே டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் அதை 'ரெட் டீ' நாவலாக எழுதினார். வெளிவந்தது 1969இல், இந்தப் படம் வந்து ஐந்தே வருஷத்தில். தமிழில் 'எரியும் பனிக்காடு'. ஸ்ரீதரின் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவருக்குக் கதையில் இடமே கிடையாது.

"ஆனா விஸ்வநாதன் பணத்தத்தானே விசாரிக்கிறார், சாதியை விசாரிக்கலியே" என்று ஒரு மாணவர் என்னிடம் மடக்கினார். தம்பி, கேட்காமலே தெரிகிற இடத்தில் எதற்குக் கேட்கவேண்டும்? அசோக் மறைப்பது ஏழ்மையை. ஏழ்மையை ஒட்டுத்தாடியில் மறைக்கலாம், குட்டு வெளிப்பட்டாலும் எல்லாரும் சிரித்துக் கல்யாணம் பண்ணி வைப்பார்கள். சேரியிலிருந்து போகிற பையன் எதை ஒட்டிக்கொண்டு போவான்?

அதே பொள்ளாச்சியில் இஞ்சினியரிங் படித்தவன் சங்கர். எந்த வேஷமும் கட்டாமல் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டு நிற்க, மனைவி கண் முன்னால் வெட்டிக் கொன்றார்கள். அவளையும் வெட்டினார்கள், அவள் பிழைத்துக்கொண்டாள்.

கல்லூரிகளில் படம் போடுகிற தோழர்கள் இதையும் தாராளமாகப் போடுங்கள். அந்தக் கூடாரம் வருகிற இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இவன் கேட்ட வேலை எங்கே?