சொப்பும் மரப்பாச்சியும்

கொற்கையில் ஈசனுக்கு அக்கசாலை ஈசுவரமுடையார் என்று திருநாமம். அக்கசாலை என்பது பொன்வேலை செய்வோரும் நாணயம் அடிப்போரும் இருந்து தொழில் செய்த பட்டறை. மலையின் பெயரையும் ஆற்றின் பெயரையும் ஏற்றருளும் இறைவன், இத்தலத்தில் பட்டறையின் பெயரை விரும்பி ஏற்றிருக்கிறான். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய இவ்வூரில் 1968-69இல் அகழாய்வு நடந்தபோது மண்ணுக்குள்ளிருந்து அறுத்த சங்குகளும் உடைந்த சங்கு வளையல்களும் வெளிப்பட்டன. ஏதோ ஒரு சிறுமியின் கைக்காக அறுத்துத் தேய்த்த வளையலும் அவற்றுள் இருந்திருக்கக்கூடும்.

தாமிரபரணி சுமந்து வந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. துறைமுகம் மறைந்தது, கைத்தொழில் ஆற்றங்கரையை விட்டுப் போகவில்லை. கொற்கையிலிருந்து ஆற்றின் வழியே மேற்கே சென்றால் ஸ்ரீவைகுண்டம், திருநெல்வேலி, கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடை ஆகியவற்றைக் கடந்து அம்பாசமுத்திரம் வரும். நவராத்திரிக் கொலுவின் கடைசிப் படியில் அமரும் மரச்சொப்புகளின் ஊர் அது.

அடுப்பு, பானை, குடம், அம்மி, ஆட்டுக்கல், திருகை, உரல், உலக்கை என்று ஒரு குடித்தனம் முழுவதும் உள்ளங்கை அளவில் ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மஞ்சட்கடம்பு முதலிய மரங்களை அறுத்து, ஈரம் போக உலர்த்தி, கடைசல் இயந்திரத்தில் பொருத்தி உளியால் உருவம் கொடுக்கின்றனர். முற்காலத்தில் ஒருவர் கயிறு இழுக்க மற்றவர் கடைந்தார். இப்போது மின்விசை சுழற்றுகிறது. வண்ணம் ஏற்றும் முறைதான் கண்டு வியக்கத்தக்கது. தூரிகைக்கு அங்கே வேலையில்லை. நிறம் கலந்த அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படிந்துகொள்ளும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்க்க, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பளபளவென்று எழும். பிளாஸ்டிக் பொம்மைகள் மலிந்தபின் இத்தொழிலில் இருக்கும் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பல வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை கொலுவுக்காக வாங்குவதோடு சரி.

வாங்கிய சொப்பையும் குழந்தைகள் தொடக்கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. அம்பாள் சந்நிதியில் வைத்த பொருள் என்ற பயபக்தி அதற்குக் காரணம். அந்தப் பக்தி போற்றத்தக்கதே. ஆயினும் நம் சமயம் விளையாட்டுப் பொருளைத் தெய்வத்திடமிருந்து விலக்கி வைத்ததில்லை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் முறையிடுகிறாள். அச்சிறுமியரின் கையில் சின்னஞ்சிறு பானையும் சுளகும் இருக்கின்றன. அவை சொப்புகளல்லாமல் வேறென்ன?

கொற்கைக்கு அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் அவதரித்தவர் குமரகுருபர சுவாமிகள். ஐந்து வயதுவரை பேசாதிருந்த அக்குழந்தை திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து பாடியது என்பது வரலாறு. அவர் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமார சுவாமிமீது பிள்ளைத்தமிழ் பாடினார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். முருகனே மணல் வீட்டைக் காலால் சிதைக்கிறான், சிறுபறை கொட்டுகிறான், சிறுதேர் உருட்டுகிறான். பட்டினப்பாலையிலும் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று வருகிறது. இன்று குழந்தை பிடித்து நடை பழகும் நடைவண்டிக்கும் மூன்று சக்கரங்களே.

சொப்பு கடைக்குரியது என்றால், மரப்பாச்சி வீட்டாரின் கைவேலைக்குரியது. மணமான பெண்ணின் முதல் கொலுவுக்குத் தாய்வீட்டார் ஓர் ஆண், ஒரு பெண்ணாக மரப்பாச்சிச் சோடியைக் கொடுப்பது வழக்கம். பழைய மரப்பாச்சிகள் பெரும்பாலும் செஞ்சந்தன மரத்தில் செதுக்கப்பட்டவை. அம்மரத்தை வெட்டுவதற்கும் விற்பதற்கும் இப்போது கடுங்கட்டுப்பாடு இருப்பதால், பாட்டியின் பெட்டியில் உறங்கும் சோடி மீண்டும் எளிதில் கிடைக்காத செல்வம்.

அதற்கு உடை தைப்பது ஆண்டுதோறும் வரும் இனிய வேலை. கடையில் ஆயத்த உடை கிடைக்கிறது. ஆனால் எல்லாப் பொம்மைக்கும் அது பொருந்துவதில்லை. மரப்பாச்சியின் கைகள் பெரும்பாலும் உடலோடு ஒட்டியே செதுக்கப்பட்டிருக்கும். ஆதலால் கை நுழைக்கும் சட்டை அதற்கு உதவாது. மார்பைச் சுற்றித் துணியை வளைத்து முதுகில் இரண்டு தையல் போடுவதே முறை. அளவெடுக்க நாடா வேண்டாம், நூல் போதும். இற்றுப்போன பட்டுப் புடவையில் சரிகைக் கரை மட்டும் நன்றாயிருக்கும். இடுப்புச் சுற்றளவைப்போல் மும்மடங்கு நீளத்தில் அக்கரையை வெட்டி, மேல்விளிம்பில் ஓட்டுத்தையல் இட்டு நூலை இழுத்தால் பாவாடைக் கொசுவம் தானே அமையும். ஆண் பொம்மைக்குப் பழைய அங்கவஸ்திரத்தின் கரையில் பஞ்சகச்சம். பசை தடவி ஒட்டுவோர் உண்டு. மரத்தில் கறை விழும், மறு ஆண்டு உடை மாற்றவும் இயலாது. தையலே நல்லது. மூக்குக் கண்ணாடி அணிந்தும் ஊசிக்காது தெரியாத பாட்டிக்கு நூல் கோத்துத் தரப் பேத்தி இருக்கிறாள். பத்து நிமிடத்தில் அவளே தையல் கேட்பாள். கோணலாகப் போட்டாலும் பிரிக்க வேண்டாம்; அம்பாள் குறை சொல்ல மாட்டாள்.

தாத்தாமாருக்கும் பணி உண்டு. சொப்பிலிருக்கும் அரக்கு சூட்டில் இளகும் தன்மையுடையது. குத்துவிளக்கின் அருகிலும் வெயில் விழும் சன்னலோரத்திலும் அதை வைக்கலாகாது. தண்ணீரில் கழுவுவதும் தகாது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பிளந்த பலகையைச் சீர்செய்து, சக்கரம் கழன்ற நடைவண்டிக்கு அச்சு மாற்றிக் கொடுக்கும் தாத்தாவின் அருகே பேரன் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்வான். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு சொப்புகளை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

விஜயதசமி இரவு ஆரத்திக்குப் பின், ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்வார்கள். மறுநாள் மரப்பாச்சியின் பட்டைக் கழற்றி மடித்து, பருத்தித் துணியில் பொம்மையைச் சுற்றி, வேப்பிலையும் வசம்பும் முடிந்த சிறு மூட்டையோடு பெட்டியில் வைப்பர். ஓலைப்பெட்டிச் சொப்பை அதனுடன் சேர்த்துப் பரணில் ஏற்றாமல், குழந்தைகள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் வைக்கலாம். அடுத்த கொலுவுக்குள் உலக்கை ஒன்று தொலைந்துபோகும். அம்பாசமுத்திரத்தில் வேறொன்று கடைந்து தருவார்கள்.